வட சேலத்து ஆச்சா

கோவை லாலி ரோட்டில், வேளாண் பல்கலைக்கழக வளாகத்துக்குள், இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென் மண்டல மையம் இருக்கிறது. அங்கேதான் மெட்ராஸ் ஹெர்பேரியம். 1853-இல் சென்னையில் தொடங்கி 1909-இல் கோவைக்கு வந்த சேகரம் இது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட செடிகள் காய்ந்து, தாளில் தைக்கப்பட்டு, அலமாரிகளில் அடுக்கப்பட்டிருக்கின்றன. கிருஷ்ணகிரிக் காடுகளைப் பார்த்து வளர்ந்த நான், எங்கள் பக்கத்துச் செடிகளைத் தேடித்தான் போனேன்.

ஒட்டும் மேசையருகே ஒரு பெரியவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். செய்தித்தாளுக்கிடையே அழுத்திக் காயவைத்த கிளையைத் தாளில் கிடத்தி, இலைகளைப் பசையால் ஒட்டி, தடித்த தண்டை மட்டும் தைத்தார். முடிச்சு தாளின் பின்பக்கம் போய்விடுகிறது. அடியில் வரும் தாளின் பூவை அது உரசிவிடாமலிருக்க, முடிச்சின் மேல் ஒரு துண்டுக் காகிதம். உதிர்ந்த விதைகளுக்கு மூலையில் சின்ன உறை. ஓர் இலையை மட்டும் அவர் வேண்டுமென்றே திருப்பிப் போட்டதைக் கவனித்துக் கேட்டேன்.

“ஒரு இலையாச்சும் குப்புறக் கெடக்கோணுங்க. அடியில மயிர் இருக்குதா, நரம்பு எப்படி ஓடுதுன்னு அப்பத்தானுங்க தெரியும்.”

நூறு வருஷம் கழித்து அந்தத் தாளை எடுக்கப்போகிறவருக்காக இன்றைக்கே ஓர் இலையைத் திருப்பி வைக்கிற கை அது. எனக்கு அவரைக் கும்பிடத் தோன்றியது. பூச்சி அரிக்காமலிருக்க இந்தத் தாள்களுக்கு மெர்குரிக் குளோரைடு பூசுவது நெடுநாள் வழக்கம். கொடிய நஞ்சு. பழைய தாள்களைக் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. உலகெங்கும் வெறுங்கையோடு இந்த வேலையைச் செய்த தலைமுறைகளின் பெயர்கள் எந்த லேபிளிலும் இல்லை.

ஸ்கேன் செய்வது பார்க்க எளிதாக இருக்கிறது. தாளோடு ஓர் அளவுகோல், ஒரு வண்ணப் பட்டை, ஒரு பார்கோடு, படம் விழுந்துவிடுகிறது. நேரம் பிடிப்பது லேபிளைப் படிப்பதில்தான். அங்கே வேலை செய்யும் இளம்பெண் ஒரு தாளைக் காட்டினார். ஆச்சா மரம், வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்த மாதிரி ஜோடி ஜோடியாய் இலைகள். மங்கிய மையில் ஜவளகிரி என்ற ஊர்ப் பெயர், கோணலான ஆங்கில எழுத்துக் கூட்டலில். அதன்கீழே ‘வட சேலம்’. உயரம் அடிக்கணக்கில்.

“ஏனுங்க, இது எந்தப் பக்கமுங்க?”

தேன்கனிக்கோட்டைக்கு மேற்கே, கர்நாடக எல்லையை ஒட்டி என்றேன். அந்தத் தாளை எழுதியவர் தவறு செய்யவில்லை. அன்று அது சேலம் மாவட்டம். 1965-இல் தர்மபுரி பிரிந்தது. 2004 பிப்ரவரியில் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. இந்த வரலாறு தெரியாமல் ‘சேலம்’ என்பதை மட்டும் பிடித்துக்கொண்டால், கணினி அந்த மரத்தைச் சேலம் நகரத்தின் நடுவில் நட்டுவிடும். நூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி! அந்தப் புள்ளியை நம்பி ஒருவர் மழைக்கும் மரத்துக்கும் கணக்குப் போடுவார். ஜவளகிரிப் பக்கம் 2014-இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்குச் சரணாலயத்தில் முன்பு என்னென்ன இருந்தன என்று தேடுபவருக்கோ, அந்தத் தாள் கண்ணிலேயே படாது.

படம் எடுப்பதை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2016 ஏப்ரலில் டெல்லியின் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஓர் இரவில் எரிந்துபோனது. இங்குள்ள தாள்களுக்கும் அப்படி ஒன்று நேர்ந்தால் படம்தான் மிஞ்சும். 2022-இல் கொல்கத்தாவில் தொடங்கிவைக்கப்பட்ட இந்திய மெய்நிகர் ஹெர்பேரியத்தில் அப்போதே சுமார் ஒரு லட்சம் படங்கள் இருந்தன. ஆனால் நாட்டில் உள்ள தாள்கள் சுமார் முப்பது லட்சம். எல்லை மாவட்டக்காரனான எனக்குப் படம் எடுப்பதில் இன்னொரு ஆதாயமும் தெரிகிறது. ஜவளகிரிக் காடு பன்னேர்கட்டாவரை ஒரே காடுதான். யானைக்கு அங்கே மாநிலம் கிடையாது. தாள்கள் மட்டும் கோவையிலும், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்து ஹெர்பேரியத்திலுமாகப் பிரிந்து கிடக்கின்றன. திரையில் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம்.

அந்தப் பெண் அன்று தயங்கிய பெயர்களை அஞ்செட்டிப் பக்கம் மாட்டுப் பட்டி போடும் பெரியவர் எவரும் நொடியில் சொல்லிவிடுவார். எந்த ஓடை, எந்தக் கணவாய், முன்பு அதற்கு என்ன பெயர், எல்லாமே அவர்களுக்கு அத்துப்படி. லேபிள் படிக்கும் வேலைக்கு அவர்களையும் கூலி கொடுத்து அழைக்க வேண்டும் என்பது என் கருத்து.

நம் கல்லூரித் தாவரவியல் மாணவர்கள் செய்முறைத் தேர்வுக்காக ஆண்டுதோறும் ஹெர்பேரியம் தாள்கள் ஒட்டித் தருகிறார்கள். மதிப்பெண் போட்டபின் அவற்றில் பெரும்பாலானவை பழைய பேப்பரோடு போய்விடுகின்றன. ஓசூரைச் சுற்றி எழுபதுகளில் சிப்காட் வந்த பிறகு வயலும் ஏரிக்கரையும் மனையாகிக்கொண்டே இருக்கின்றன. அங்கே முளைக்கும் சிறு செடிகளை வேறு யார் பறித்து வைக்கிறார்கள்? பறித்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இன்று கைப்பேசியே சொல்லிவிடும். அதையும் தேதியையும் லேபிளில் எழுதி, நல்ல தாள்களை மட்டுமாவது ஒரு பீரோவில் பூட்டி வைக்க இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.