'கேஸ்' என்றால் என்ன?

செரிமான நலத்துக்குத் தமிழில் ஓர் இணையதளம் வேண்டும் என்று மருத்துவர்கள் சிலர் கேட்டபோது, முதல் இரண்டு வாரம் நான் ஒரு கோடுகூட வரையவில்லை. இருக்கிற தளங்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தேன். பட்டினப்பாக்கம் ஹவுசிங் போர்டு மாடிப்படியில் உட்கார்ந்து, திரை கீறிய பழைய போனில். படிக்கப்போகிறவர்கள் அப்படித்தான் படிப்பார்கள்.

எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் முதலில் தேதியைத் தேடுவேன். பிரிட்டனின் என்எச்எஸ் பக்கங்களின் அடியில், கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள், அடுத்து எப்போது பார்ப்பார்கள் என்று போட்டிருக்கும். வயிற்றுப்புண் விஷயத்தில் இது உயிர்நாடி. மன உளைச்சலும் அமிலமும்தான் அல்சருக்குக் காரணம் என்று மருத்துவ உலகமே நம்பிய காலம் உண்டு. 1980களில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியைக் காட்டினார்கள். 2005-ல் நோபல் பரிசும் பெற்றார்கள். நான் திறந்த தமிழ்ப் பக்கங்கள் சிலவற்றில் இன்னும் மிளகாய்மீதும் டென்ஷன்மீதும்தான் பழி. கிருமியைப் பற்றியோ, புண்ணை உண்டாக்கக்கூடிய வலி மாத்திரையைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. மூட்டுவலிக்குத் தினம் மாத்திரை போடுகிறவர் அதைப் படித்துவிட்டுக் காரத்தைக் குறைப்பார், மாத்திரையைத் தொடர்வார்.

அடுத்து மெனு. பாடநூல் மாதிரி உணவுக்குழாய், இரைப்பை, கல்லீரல், கணையம் என்று உறுப்புவாரியாகப் பிரித்திருந்தார்கள். சீனிவாசபுரத்தில் மீன் விற்கும் அக்காவிடம் போனைக் கொடுத்து, "உங்களுக்கு இன்னா பண்ணுதோ அதத் தேடுங்கக்கா" என்றேன். மைக்கை அமுக்கி, "கேஸ்" என்றார். வந்தது சமையல் சிலிண்டர்.

"கேஸ்னா இன்னாக்கா?"

"நெஞ்ச கரிக்கும், புளிச்ச ஏப்பமா வரும், வயிறு உப்பிக்கும். ஒருநாளு இல்ல ஒருநாளு முதுவுலயும் புடிச்சிக்கும்பா."

அந்த ஒரு சொல்லுக்குள் எதுக்களிப்பு, அஜீரணம், உப்புசம், பித்தப்பைக் கல் எல்லாம் இருக்கலாம். மாரடைப்பும் இருக்கலாம். கேஸ்தான் என்று ஓமத்தண்ணீர் குடித்து, விடியட்டும் என்று காத்திருந்த வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. அதனால் எல்லாத் தளத்தையும் ஒரே கேள்வியால் அளந்தேன்: நெஞ்சு அழுத்தத்தோடு வியர்த்துக் கொட்டினாலோ, கையிலோ தாடையிலோ வலி பரவினாலோ உடனே 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள் என்பது எத்தனை முறை விரலால் தள்ளிய பிறகு வருகிறது? ஒன்றில் பதினோராவது தள்ளலில் வந்தது, ஒரு லேகிய விளம்பரத்துக்குக் கீழே. தார்போலக் கறுப்பாக மலம் போவது, விழுங்கும்போது அடைப்பது, காரணமில்லாமல் எடை குறைவது ஆகிய அபாய அறிகுறிகள் பலவற்றில் கடைசிப் பத்தியில் கிடந்தன.

அளவுகளையும் பார்த்தேன். பேதிக்கான கரைசலுக்கு 'தேவையான அளவு உப்பு' என்று எழுதியிருந்தார்கள், ரசத்துக்கு எழுதுவதுபோல. 1 லிட்டர் சுத்தமான தண்ணீருக்குத் தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. இதற்கு ஸ்பூன் படம் அவசியம் என்று நோட்டில் அடிக்கோடிட்டேன்.

பதினைந்தாம் நாள் வரைந்த முதல் பக்கத்தில் உறுப்பின் பெயர் ஒன்றும் இல்லை. மேலே சிவப்புக் கட்டத்தில் 108, அதன் கீழே மைக், அதற்கும் கீழே கரிப்பு, புளிச்ச ஏப்பம், உப்புசம். அக்காவிடம் காட்டினேன். கண்ணைச் சுருக்கி மேலிருந்து கீழே பார்த்தார்.

"முதுவுல புடிக்கிறத உட்டுட்டியேப்பா."

அங்கேயே உட்கார்ந்து சேர்த்தேன்.