மை இல்லாத விரல்

2006 நவம்பரில் செய்த ஒரு மொழிபெயர்ப்புப் பிழையை நினைத்தால் எனக்கு இன்றும் கூச்சம்தான். டெல்லியில் ஒரு செய்தி நிறுவனத்தின் தமிழ்ப் பிரிவில் அப்போது நான் புதியவன். தமிழில் எம்.ஏ. பட்டம், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு ஆங்கில - தமிழ் அகராதி, எதையும் தமிழாக்கிவிடலாம் என்ற தெம்பு. இரவு ஷிப்டில் அமெரிக்கச் செய்தி வந்து விழுந்தது: ‘மிட்டெர்ம்’ தேர்தலில் பிரதிநிதிகள் சபை ஜனநாயகக் கட்சி வசம். ‘அமெரிக்க இடைத்தேர்தலில் புஷ் கட்சி தோல்வி’ என்று தலைப்பு வைத்து அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

பத்து நாள் கழித்து ஜாம்ஷெட்பூரிலிருந்து ஒரு அஞ்சலட்டை வந்தது. எழுதியவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். ‘இடைத்தேர்தல் என்றால் உறுப்பினர் இறந்திருக்க வேண்டும் அல்லது ராஜினாமா செய்திருக்க வேண்டும். ஒரே நாளில் 435 பேருக்கும் என்ன ஆயிற்று?’

அடுத்த முறை, 2010இல், உஷாராக ‘இடைக்காலத் தேர்தல்’ என்று எழுதினேன். அதுவும் சரியில்லை. நம் ஊரில் இடைக்காலத் தேர்தல் என்றால் ஆட்சி கவிழ்ந்துவிட்டது என்று பொருள். 1999 ஏப்ரலில் வாஜ்பாய் அரசு 269க்கு 270 என்று ஒரே ஒரு ஓட்டில் விழுந்து, நாடே மறுபடி வரிசையில் நின்றதே, அது. அமெரிக்காவில் எதுவும் விழுவதில்லை. ஜனாதிபதியின் நான்காண்டுப் பதவிக்காலம் பாதி ஆகும்போது, பஞ்சாங்கத்தில் குறித்த மாதிரி, நவம்பரில் தேர்தல் வருகிறது. சபை எதிர்க்கட்சிக்குப் போனாலும் ஜனாதிபதி நாற்காலியில் அப்படியே இருக்கிறார், கை மட்டும் கட்டப்படுகிறது. அவர் கொண்டுவருவதை இவர்கள் முடக்குவார்கள், இவர்கள் நிறைவேற்றுவதை அவர் ரத்து செய்வார். மறுபடி தேர்தலுக்குப் போய்த் தீர்த்துக்கொள்ள வழி கிடையாது, இன்னும் இரண்டு வருடம் இப்படியே. ஆட்சியை மாற்றாமல் ஆட்சியின் கையைக் கட்ட மட்டும் ஒரு தேர்தல் - அந்தப் பொருள் நம்மிடம் இல்லை, அதனால் சொல்லும் இல்லை.

(அதே 2010இல் 63 இடங்களை இழந்த ஒபாமா, தனக்குக் கிடைத்ததை ‘ஷெல்லாக்கிங்’ என்றார். அகராதி ‘அரக்குப் பூசுதல்’ என்றது. ‘செம அடி’ என்று எழுதினேன். ஆசிரியர் ‘பலத்த தோல்வி’ ஆக்கினார்.)

இதெல்லாம் எனக்கு வெறும் சொல் பிரச்னையாகவே இருந்திருக்கும், என் அக்கா மட்டும் டெக்சாஸில் ஆஸ்டின் நகருக்குக் குடிபோகாமல் இருந்திருந்தால். 1990களின் கடைசியில் போனவர், 2017இல் குடியுரிமைப் பிரமாணம் எடுத்துக்கொண்டார். இந்தியாவில் கல்யாணத்துக்கு முன் ஒருமுறை ஓட்டுப் போட்டதோடு சரி. அமெரிக்காவில் அவர் போட்ட முதல் ஓட்டு 2018ஆம் ஆண்டின் மிட்டெர்மில். சாதாரணமாக இந்தத் தேர்தலை அந்த ஊர்க்காரர்களே சீந்துவதில்லை. 2014இல் தகுதியுள்ளவர்களில் நூற்றுக்கு 37 பேர்கூட வரவில்லை, 1942க்குப் பின் அவ்வளவு மோசமான வருகை இல்லை. 2018 மாறுதலான ஆண்டு. பாதிப்பேர் வந்தார்கள், 1914க்குப் பின் அதுதான் அதிகம். அந்தப் பாதியில் அக்காவும் ஒருவர்.

சட்டையில் ‘நான் ஓட்டுப் போட்டேன்’ என்ற ஸ்டிக்கரோடு புகைப்படம் அனுப்பினார். மயிலாடுதுறையில் அம்மா போனைக் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, “விரல்ல மை எங்கடி?” என்று கேட்டார். மை வைக்க மாட்டார்கள் என்றதும் அம்மாவுக்கு அந்தத் தேர்தல் மீதே நம்பிக்கை போய்விட்டது. போதாததற்குத் தேர்தல் நாள் செவ்வாய்க்கிழமை. நவம்பரின் முதல் திங்களுக்கு அடுத்த செவ்வாய் என்பது 1845இல் போட்ட சட்டம். ஞாயிறு கோயில், புதன் சந்தை, நடுவில் குதிரை வண்டியில் ஊர் போய்ச் சேர விவசாயிக்கு ஒரு நாள் வேண்டுமே என்ற கணக்கு. வண்டியும் சந்தையும் போய்விட்டன, செவ்வாய் போகவில்லை. நாடு முழுவதற்குமான விடுமுறையும் கிடையாது.

வாக்குச்சீட்டைப் பற்றித்தான் அக்கா அன்று அரை மணி நேரம் பேசினார். பிரதிநிதிகள் சபை, செனட், கவர்னர், அதற்குக் கீழே டஜன் கணக்கில் நீதிபதிகள். ஆமாம், அங்கே நீதிபதிகளும் கட்சிப் பெயரோடு ஓட்டுக் கேட்கிறார்கள். பிறகு ‘ரயில்வே கமிஷனர்’. டெக்சாஸில் அந்தக் கமிஷனுக்கும் ரயிலுக்கும் இப்போது சம்பந்தமில்லை, அது கவனிப்பது எண்ணெயையும் எரிவாயுவையும். “ரயில் நேரத்துக்கு வரணும்னு நெனச்சு யாராவது குத்தியிருப்பாங்கடா” என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு 2022க்குள் வற்றிவிட்டது. போனில் நாளுக்குப் பத்து குறுஞ்செய்தி, எல்லாம் பணம் கேட்டு. அந்த ஆண்டுத் தேர்தல்களுக்கு நாடு முழுவதும் 1,600 கோடி டாலருக்கும் மேல் செலவானதாகக் கணக்கு. விளைவு? 222க்கு 213 என்று நூலிழைப் பெரும்பான்மை. வென்ற கட்சி தன் சபாநாயகர் கெவின் மெக்கார்த்தியைத் தேர்ந்தெடுக்கவே 15 முறை வாக்கெடுப்பு நடத்தியது. 2023 அக்டோபரில் சபை அவரைத் தூக்கியும் எறிந்தது. செனட்டிலோ, பெரும்பாலான மசோதாக்கள் நகர 100இல் 60 பேர் சம்மதிக்க வேண்டும். அங்கே சுமார் 4 கோடிப் பேர் வாழும் கலிபோர்னியாவுக்கும் இரண்டு உறுப்பினர், 6 லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கும் இரண்டு உறுப்பினர். அக்கா எந்தக் கட்சி என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் வாசகர்களில் பாதிப்பேர் அவர் சலிப்பை நம்பாமல் போய்விடக்கூடும்.

அவரை உண்மையில் உடைத்தது 2025. தொகுதி எல்லைகளை மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டிப் பத்தாண்டுக்கு ஒருமுறை மாற்றுவது அங்கே வழக்கம். மாற்றுவது பெரும்பாலும் மாநில சட்டமன்றமே, அதாவது ஆளுங்கட்சியே. ஆஸ்டின் ஏற்கனவே துண்டு துண்டாக வெட்டப்பட்ட நகரம். ஒரு தொகுதி அங்கே தொடங்கி 35ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டியே மெலிந்து ஓடி சான் அன்டோனியோவில் போய் முடிந்தது. 2025 ஆகஸ்டில், பத்தாண்டு ஆவதற்கு வெகு முன்பே, 2026 மிட்டெர்மை மனதில் வைத்து டெக்சாஸ் சட்டமன்றம் கோடுகளை மறுபடி வரைந்தது. குடியரசுக் கட்சிக்கு மேலும் ஐந்து இடங்கள் என்பது நோக்கம், அதை ஒளிக்கவும் இல்லை. பதிலுக்கு அதே நவம்பரில் கலிபோர்னியா, ஜனநாயகக் கட்சிக்கு ஐந்து இடம் தோதாக, மக்கள் ஓட்டோடு தன் வரைபடத்தை மாற்றிக்கொண்டது. இந்த வித்தைக்கு ‘ஜெர்ரிமாண்டர்’ என்று பெயர் வந்தது 1812இல். கட்சி லாபத்துக்காக இப்படி வரைவதைத் தடுப்பது கூட்டாட்சி நீதிமன்றங்களின் வேலையல்ல என்று உச்ச நீதிமன்றம் 2019இல் கைகழுவிவிட்டது.

“நான் எம்.பி.யைத் தேர்ந்தெடுக்கலடா, எம்.பி. என்னைத் தேர்ந்தெடுக்கிறார். என் தெருவை எடுத்து எங்கேயோ ஒட்டிட்டாங்க. இனிமே எதுக்குப் போகணும்?”

எனக்குக் கோபம் வந்தது. செய்தி மேஜையில் இருபது வருடம் உட்கார்ந்தவனிடம் உதாரணங்களுக்குப் பஞ்சமா? 2022 மிட்டெர்மில் கொலராடோவின் ஒரு தொகுதியில் வித்தியாசம் 546 ஓட்டு என்றேன். 2020இல் அயோவாவில் ஒரு தொகுதி வெறும் ஆறே ஓட்டில் முடிந்தது என்றேன். 2017இல் வர்ஜீனியா மாநில சபைத் தேர்தலில் இருவருக்கும் 11,608 ஓட்டு. சீட்டெழுதிக் கிண்ணத்தில் போட்டு ஒன்றை எடுத்தார்கள், அந்த ஒரு சீட்டில் சபையின் பெரும்பான்மையே தீர்மானமானது. உத்திரமேரூர் கல்வெட்டுக் குடவோலையைப் பரீட்சைக்குப் படித்தவன் நான், அந்தச் செய்தியை எவ்வளவு ஆசையாக மொழிபெயர்த்தேன் தெரியுமா என்றேன்.

அக்கா பொறுமையாகக் கேட்டார். பிறகு, “நீ கடைசியா எப்ப ஓட்டுப் போட்ட?” என்றார்.

2011. தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தல், லீவில் ஊருக்குப் போயிருந்தபோது. அதன் பிறகு மூன்று மக்களவைத் தேர்தல் வந்து போயிற்று. என் பெயர் மயிலாடுதுறைப் பட்டியலில், நான் டெல்லியில். 2024 ஏப்ரல் 19 அன்று என் பூத்தில் ஓட்டுப்பதிவு நடந்தபோது, நான் இங்கே உட்கார்ந்து அதைப் பற்றிய செய்தியை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். மே 25 அன்று டெல்லி ஓட்டுப் போட்டது, பட்டியலில் நான் இல்லை. முகவரி மாற்ற ஒரு படிவம் போதும். இந்தப் பத்திரிகையை வெளிமாநிலத்தில் இருந்து வாசிப்பவர்களுக்கு அந்தப் படிவத்தைப் பற்றி விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று நம்மில் எத்தனை பேர் வைத்திருக்கிறோம்! என்னுடையது பதினான்கு வருடமாக அடுத்த மாதம்.

“என் தெருவை அவங்க வெட்டினாங்க. உன்னை யாரு வெட்டினா?” என்றார் அக்கா. போனை வைத்துவிட்டேன். இரண்டு மாதம் பேசவில்லை.

2025 நவம்பர் 4 அன்று டெக்சாஸில் மாநில அரசியல் சட்டத்துக்கு 17 திருத்தங்கள் மீது ஓட்டெடுப்பு நடந்தது. குடிமக்கள் மட்டுமே ஓட்டுப் போடலாம் என்று தெளிவாக எழுதிவைப்பதும் அவற்றில் ஒன்று. மறுநாள் காலை போனைத் திறந்தால் அக்காவின் படம். சட்டையில் அதே ஸ்டிக்கர். கூட ஒரு வார்த்தையும் இல்லை.

அதே நவம்பர் 4 அன்றுதான் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தமும் தொடங்கியது. சில நாளில் மயிலாடுதுறை வீட்டுக்குப் படிவங்கள் வந்தன. அம்மாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. கொண்டுவந்த பெண் அதிகாரி திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்க, அம்மா எனக்குப் போன் செய்தார்.

“பையன் இங்கதான் இருக்கானான்னு கேக்குறாங்கப்பா. என்ன சொல்லட்டும்?”

“இல்லேன்னு சொல்லும்மா” என்றேன்.

“அப்ப பேரை எடுத்துடுவாங்களே. டெல்லியில இருக்கில்ல?”

அம்மாவிடம், இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.