முகம் சுளிக்க வைக்கும் சொல்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

மனித உடம்பு செய்யும் வேலைகளில் சிலவற்றுக்குப் பெயர் சொல்லவே நாம் தயங்குகிறோம். தும்மலைச் சொல்லலாம், இருமலைச் சொல்லலாம், கொட்டாவியைச் சொன்னாலும் குற்றமில்லை. உண்டது வாய் வழியே திரும்பி வருவதைச் சொல்ல வேண்டுமென்றால் மட்டும் நாக்கு ஒரு கணம் தடுமாறுகிறது. சோற்றின் முன் உட்கார்ந்து அந்தச் சொல்லைச் சொன்னால் வீட்டில் அடி விழும். அந்தச் சொல்லைத் தேடிப் போன கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். அன்பர்கள் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வாசிப்பது நலம்!

சென்ற ஆண்டு எங்கள் வகுப்பு கொல்லிமலைக்குச் சுற்றுலா சென்றது. மலைப்பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வளைவு தாண்டுவதற்குள் பேருந்தின் சன்னல்கள் எல்லாம் திறந்துகொண்டன, எலுமிச்சம்பழங்கள் கைமாறின. மேலே போய் இறங்கியதும், நகரத்தில் ஆங்கில வழியில் படித்து வந்த நண்பன், "ரெண்டு தடவை பியூக் பண்ணிட்டேன்" என்றான். ஒருவரும் சிரிக்கவில்லை. முசிறிப் பக்கத்து நண்பன், "நானும் கக்கிட்டேன்டா" என்றான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இருவரும் காலையில் தின்றது ஒரே புளியோதரை. வந்தது ஒரே பேருந்து. வேறுபட்டது சொல் ஒன்றுதான். ஒரு சொல் நாகரிகமாகவும் மற்றொன்று கேலியாகவும் ஆனது எப்படி?

நூலகத்தில் ஆங்கில அகராதிகளைப் புரட்டினேன். 'பியூக்' என்பதற்கு எழுத்து நான்கு: பி, யூ, கே, ஈ. கடைசி ஈ எழுத்தில் உண்டு, ஒலியில் இல்லை. இன்று இதைக் கொச்சைச் சொல் என்று அகராதிகள் குறிக்கின்றன. ஆனால் ஷேக்ஸ்பியரே இதைக் கையாண்டிருக்கிறார். 'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்தில் மனித வாழ்வின் ஏழு பருவங்களைச் சொல்லும் புகழ்பெற்ற பேச்சு உண்டல்லவா? அதில் முதல் பருவத்துக் கைக்குழந்தை செவிலியின் கையில் இருந்தபடி செய்யும் காரியங்கள் இரண்டு. ஒன்று சிணுங்குவது, மற்றது இது. அந்த நாடகம் முதன்முதலில் அச்சேறியது 1623இல். அந்த நேரத்தில் எழும் ஓசையிலிருந்தே சொல் பிறந்திருக்கலாம் என்பது அறிஞர் கருத்து.

ஆஸ்திரேலியரின் சொல் இன்னும் வேடிக்கையானது. அவர்கள் 'சண்டர்' என்கிறார்கள். கப்பலின் மேல்தட்டில் நின்று வாந்தி எடுப்பவன், கீழே இருப்பவர்களுக்கு "கீழே பார்த்துக்கொள்" என்று ஆங்கிலத்தில் கொடுத்த குரலே திரிந்து இச்சொல் ஆயிற்று என்று ஒரு கதை உலவுகிறது. கதை சுவையானதுதான், ஆனால் ஆராய்ந்தவர்கள் வேறொன்றையே பெரிதும் ஏற்கிறார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே 'கோப்ரா' என்ற காலணிப் பாலிஷ் விளம்பரங்களில் 'சண்டர் லூ' என்றொரு கேலிச்சித்திரப் பாத்திரம் வந்தது. 'லூ' என்பது, வாந்தியைக் குறிக்கும் 'ஸ்பியூ' என்ற ஆங்கிலச் சொல்லோடு எதுகை சேர்கிறது. சொல்லக் கூசும் சொல்லுக்குப் பதிலாக எதுகைப் பெயரைச் சொல்லி, பிறகு அதிலும் பாதியை விழுங்கிவிட்டார்கள். கூச்சம் என்பது தமிழனுக்கு மட்டும் உரியதன்று!

இனி நம் பக்கம் வருவோம். 'வாந்தி' வடசொல், 'வம்' என்ற வேரிலிருந்து வந்தது. ஆயுர்வேதத்தின் ஐவகைச் சிகிச்சைகளில் ஒன்றான வமனமும் அதே வேர்தான். இலத்தீனில் இது 'வோமெரே'; அதிலிருந்து வந்தது ஆங்கில 'வாமிட்'. வடமொழியும் கிரேக்கமும் இலத்தீனும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்திருக்க வேண்டும் என்று 1786இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் சொன்னாரே, அந்த உறவுக்கு இதுவும் ஒரு சாட்சி. வாந்தி என்றால் பட்டிக்காடு, வாமிட் என்றால் படிப்பு என்று நினைப்பவர்கள் ஒரே குடும்பத்து இரண்டு பிள்ளைகளில் ஒன்றைத் திண்ணையிலும் மற்றொன்றைக் கூடத்திலும் உட்கார வைக்கிறார்கள்.

'கக்கு' வேறு குடும்பம். கன்னடம், மலையாளம், துளு ஆகியவற்றிலும் இச்சொல் உண்டு. கால்டுவெல் 1856இல் ஒப்பிலக்கணம் எழுதி நிலைநாட்டிய திராவிடக் குடும்பத்தின் சொத்து அது. பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பு அகராதியில் அதற்கு இடமுண்டு. இலங்கைத் தமிழர் இதையே 'சத்தி' என்கிறார்கள்.

'உமிழ்' என்ற சொல்லையும் இங்கே நினைக்க வேண்டும். காவிரிப் பாலத்தைக் கடந்து திருவரங்கம் போனால் அதன் பெருமை தெரியும். திருமால் உலகங்களை உண்டு, பின் உமிழ்ந்தவன் என்று ஆழ்வார்கள் திரும்பத் திரும்பப் பாடியிருக்கிறார்கள். பகல் பத்து, இராப் பத்து நாட்களில் அங்கே திவ்வியப் பிரபந்தம் ஒலிக்கும்போது, அந்தச் சொல் வந்தால் யாரும் மூக்கைப் பொத்துவதில்லை, கை கூப்புகிறார்கள். எங்கள் இயற்பியலிலும் அப்படியே. டிரான்சிஸ்டரின் மூன்று பகுதிகள் உமிழ்ப்பான், அடிவாய், ஏற்பான். சோடியம் விளக்கின் உமிழ் நிறமாலையில் 5890, 5896 ஆங்ஸ்ட்ராம் அலைநீளமுள்ள இரண்டு மஞ்சள் கோடுகளைச் சோதனைச் சாலையில் எத்தனை முறை அளந்திருக்கிறோம்!

காஞ்சியில் வாழ்ந்தவராகக் கருதப்படும் தண்டி, தம் வடமொழி நூலாகிய காவியாதரிசத்தில் இதைப் பற்றியே பேசுகிறார். துப்புதல், கக்குதல், வாந்தி போன்ற சொற்கள் வேறொன்றின் மேல் ஏற்றிச் சொல்லப்படும்போது மிக அழகியவை. நேர்ப்பொருளில் வந்தால் கொச்சை என்பது அவர் முடிவு. எரிமலை நெருப்பைக் கக்கலாம், பாம்பு நஞ்சைக் கக்கலாம், திருடன் உண்மையைக் கக்கலாம். மனிதன் மட்டும் கக்கக் கூடாது!

தண்டியின் விதி கவிதைக்குச் சரியாக இருக்கலாம். ஆனால் நேர்ப்பொருளில்தான் ஒரு சொல் உயிரைக் காக்கும் என்பதை நான் கண்ணால் கண்டேன்.

எங்கள் ஊர் இலால்குடிக்கு அப்பால். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தாயார் பள்ளிக்கூடம் போனதில்லை. நாற்று நடப் போவார். ஆனால் இந்த ஒரு காரியத்துக்கு அவரிடம் ஐந்து சொற்கள் உண்டு. வரும்போல் இருந்து வராதது குமட்டல். வயிற்றை இழுத்துப் பிடித்து ஓசை மட்டும் வருவது ஓங்கரிப்பு. புளிப்போடு தொண்டை வரை வந்து திரும்புவது எதுக்களிப்பு. பால் குடித்த குழந்தைக்குக் கடைவாயில் வழிவது கக்கல். மற்றதுதான் வாந்தி.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் அக்காவின் ஆண் குழந்தைக்கு ஐந்து வாரம். குடித்த பாலெல்லாம் வெளியே வந்தது. "கக்குற பிள்ளை தக்கும்" என்று பழமொழி சொல்லி அக்கம்பக்கத்தார் தேற்றினார்கள். குழந்தையோ நாளுக்கு நாள் மெலிந்தது. திருச்சியில் ஒரு மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றோம். முதலில் பார்த்தவர், சீட்டில் 'வாமிட்டிங்' என்று ஒரு சொல் எழுதி, "எல்லாக் குழந்தையும் கக்கும், போங்க" என்றார். அம்மா நகரவில்லை. கூட்டம் முணுமுணுத்தது. அப்போது உள்ளே வந்த மூத்த மருத்துவர் நின்று, "எப்படிம்மா எடுக்குது?" என்று கேட்டார்.

"ஐயா, இது கக்கல் இல்லீங்க. கக்கல்னா கடைவாயில வழியும். இது எட்டிப் போயி சுவத்துல பீச்சி அடிக்குது. பச்சையா வரலீங்க, குடிச்ச பாலு அப்படியே வருது. எடுத்த மறு நிமிசமே பசிக்கு அழுவுதுங்க."

அவர் சீட்டை வாங்கி வேறு எழுதினார். அன்றே ஸ்கேன் எடுத்தார்கள். இரைப்பையின் கீழ்வாய்த் தசை தடித்து, பால் குடலுக்கு இறங்காமல் தடுக்கும் நோய். பிறந்து சில வாரங்களில் தலைகாட்டும். பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு மிகுதி. தடித்த தசையைக் கீறிவிடும் சிறிய அறுவைதான் மருந்து. ராம்ஸ்டெட் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1912இல் உலகுக்கு அறிவித்த முறை அது. அறுவை முடிந்து குழந்தை பால் குடித்தது. குடித்தது உள்ளே தங்கியது. இன்று அவன் வீடு முழுக்க ஓடுகிறான்.

மூத்த மருத்துவர் சீட்டில் எழுதிய ஆங்கிலத்தைப் பிறகு வாசித்தேன். 'புரொஜெக்டைல் வாமிட்டிங்' என்றிருந்தது. புரொஜெக்டைல் என்றால் எறிபொருள். எங்கள் இயந்திரவியல் பாடத்தில் முதல் பருவத்திலேயே வருவது. அதற்கு அம்மாவிடம் ஏற்கெனவே சொல் இருந்தது: பீச்சி அடிப்பது.

பியூக்கையும் கற்போம், சண்டரையும் கற்போம், கற்பதில் குறைவில்லை. ஆனால் அவற்றுக்கு இடம் கொடுக்க, வீட்டிலிருந்து கொண்டுவந்த ஐந்து சொற்களை வெளியே தள்ள வேண்டியதில்லை. நம்மில் பலர் நாளை ஏதோ ஓர் அலுவலகத்தில், பள்ளியில், மருத்துவமனையில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரப் போகிறோம். இந்தப் பக்கம் ஒரு தாய் வந்து நிற்பாள். "எப்படிம்மா?" என்று கேட்போம். அவள் சொல்வதைச் சொன்னபடியே எழுதிக்கொள்வோம்.