மகளுக்கு ஒரு ஹாக்கிக் குழு

நம் சங்கத்துக் குடும்பங்களில் பெண்பிள்ளைகளை விளையாட்டு மைதானத்துக்கு அனுப்புவோர் தொகை ஆண்டுக்காண்டு பெருகி வருவதைக் காண மகிழ்ச்சியாக உள்ளது. ஆயினும் எந்தக் குழுவில் சேர்ப்பது என்ற கேள்வி எழும்போது, கோப்பைகள் அதிகம் உள்ள இடம் எதுவோ அதுவே நல்ல இடம் என்று பெற்றோர் முடிவு கட்டிவிடுகின்றனர். கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டின் வழியே ஓர் இடம் கிடைக்க வேண்டும் என்ற எண்ணமும் உடன் இருக்குமாயின், இம்முடிவு அவ்வளவு எளிதன்று. சென்ற ஆண்டு இக்கேள்வி எங்கள் இல்லத்திலும் எழுந்தது. அதன் பொருட்டு நாங்கள் அலைந்து அறிந்தவற்றை அன்பர்களுக்கு எழுதுமாறு நண்பர்கள் பணித்தமையால் எழுதத் துணிந்தோம்.

எங்கள் பூர்வீகம் கோவில்பட்டி. தீப்பெட்டிக்கு மட்டுமன்றி ஹாக்கிக்கும் பெயர்போன ஊர் அது என்பதைப் பலரும் அறிவர். ஆகவே எங்கள் மகள் எட்டு வயதில் மட்டையைத் தூக்கியபோது வீட்டில் எவரும் வியப்படையவில்லை. இப்போது பதினான்கு வயது, ஒன்பதாம் வகுப்பு, கோல் கீப்பர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவர் இதுவரை ஒருவருமில்லை. தந்தையார் பணியில் இருக்கையிலேயே காலமானதால், பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு கருணை அடிப்படையில் ரெயில்வேயில் கடைநிலை ஊழியராகச் சேர்ந்து, பின்பு இலாகாத் தேர்வு எழுதிக் குமாஸ்தாவான குடும்பம் இது. மகளின் மதிப்பெண்களோ நடுத்தரம். தனியார் கல்லூரிக் கட்டணம் எங்கள் சம்பளத்துக்கு எட்டாது. டில்லிப் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்றில் அவள் நுழைய வேண்டுமாயின், ஹாக்கி மட்டை ஒரு சாவியாக உதவக்கூடும் என்று நாங்கள் கருதினோம்.

முதலில் விதிகளைப் படித்தோம். குமாஸ்தா உத்தியோகம் கற்றுத் தந்த நல்ல பழக்கம் இது ஒன்றுதான். டில்லிப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டுக்கும் கலைகளுக்கும் சேர்த்து மொத்த இடங்களில் 5 சதவீதத்துக்கு மேற்படாமல் கூடுதல் இடங்கள் உண்டு. 2022 முதல் பொது நுழைவுத் தேர்வையும் எழுதியாக வேண்டும். ஆயினும் சான்றிதழுக்கும், டிரையல் என்னும் தேர்வாட்டத்துக்கும் உள்ள மதிப்பே பெரிது. சான்றிதழ்களில் முந்தைய மூன்றாண்டுகளுக்கு உட்பட்டவையே கணக்கில் வரும். அதாவது பதினான்கு வயதில் வாங்கும் கோப்பை பரணுக்குத்தான் போகும். பத்தாம் வகுப்பு தொடங்கிப் பன்னிரண்டு முடிய ஆடுவதே பயன் தரும். மேலும், நினைவுக் கோப்பைப் போட்டி, அழைப்புப் போட்டி, பரிசுப் பணப் போட்டி ஆகியவற்றின் சான்றிதழ்கள் ஏற்கப்படுவதில்லை. விதிகள் ஆண்டுதோறும் சிறிது மாறுவதுண்டு. எனவே அந்தந்த ஆண்டின் அறிக்கையை ஒருமுறை வாசித்துக்கொள்வது நலம்.

எங்கள் ரெயில்வே இலாகாவின் விளையாட்டு ஒதுக்கீட்டிலும் இதே போக்குதான். நூறு மதிப்பெண்களில் சாதனைக்கு 50, தேர்வாட்டத்துக்கு 40, படிப்புக்கு 10. படிப்புக்குப் பத்தே மதிப்பெண் என்றறிந்தபோது எங்கள் மகள் அடைந்த ஆனந்தத்தை இங்கு விவரிக்க வேண்டியதில்லை.

இவ்வளவையும் அறிந்துகொண்டு, நகரின் தென்பகுதியில் பெயர்பெற்ற ஒரு கிளப்புக்குச் சென்றோம். கண்ணாடி அலமாரி நிறையக் கோப்பைகள். செயற்கைப் புல்தரையில் வாரம் ஐந்து நாள் பயிற்சி. மாதம் 4,000 ரூபாய். வெளியூர்ப் பிரயாணச் செலவு தனி. பயிற்சியாளர் மரியாதையாகவே பேசினார். “எங்கள் பெயர் போதும், கல்லூரி தானே தேடி வரும்” என்றார். கடந்த மூன்றாண்டுகளில் இங்கிருந்து விளையாட்டு ஒதுக்கீட்டில் எந்தெந்தப் பெண்கள் எந்தெந்தக் கல்லூரிக்குச் சென்றனர் என்று கேட்டோம். ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னார். அவள் முன்களத்தில் ஆடியவள். கோல் கீப்பர்களில் யாரேனும் உண்டா என்று கேட்டோம். தேநீர் வரவழைத்தார்.

அக்குழுவில் ஏற்கெனவே இரண்டு கோல் கீப்பர்கள் இருந்தனர். பதினாறு வயது ஒருத்தி, பதினேழு வயது ஒருத்தி. ஹாக்கியில் மற்ற ஆட்டக்காரர்களை எத்தனை முறை வேண்டுமாயினும் மாற்றி இறக்கலாம். ஆகவே வெளியே அமர்ந்திருப்பவர்க்கும் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் கிட்டிவிடும். கோல் கீப்பர் நிலை அப்படியன்று. பதினைந்து நிமிடம் வீதம் நான்கு பகுதிகளிலும் ஒருவரே நிற்பது வழக்கம். பதினெட்டுப் பேர் கொண்ட குழுவில் இரண்டு கீப்பர்களே செல்வர். மூன்றாமவளுக்குப் பேருந்தில்கூட இடமில்லை.

நாங்கள் உடனே முடிவு சொல்லாமல், நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் வேலியோரம் நின்று அவர்கள் ஆடிய ஆட்டங்களைப் பார்த்தோம். மே மாதத்து டில்லி வெயில் எத்தகையது என்று இங்குள்ளோர்க்குச் சொல்ல வேண்டாம். நான்காம் ஞாயிறு திரும்பி வருகையில் மகள் சொன்னாள்: “அப்பா, அந்த இரண்டாவது கீப்பர் அக்கா நாலு வாரமும் பேடைக் கழற்றவும் இல்லை, உள்ளே இறங்கவும் இல்லை.” தலைக்கவசம், மார்புக் கவசம், காலில் கனத்த பேடு எல்லாம் அணிந்து அப்பெண் அந்த வெயிலில் அமர்ந்திருந்ததை நாங்களும் கண்டோம். வெற்றிபெற்ற குழுவின் புகைப்படத்தில் அவளும் நின்றாள், சிரித்துக்கொண்டுதான் நின்றாள்.

அடுத்தது எங்கள் மகளின் பள்ளிக் குழு. மண் தரை, கட்டணமில்லை, உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவரே மூன்று விளையாட்டுகளுக்கும் பொறுப்பு. இதனை இழிவாக எண்ணுவோர் பலர். நாங்கள் அவ்வாறு எண்ணவில்லை. பள்ளி விளையாட்டுச் சம்மேளனத்தின் பதினேழு வயதுக்குட்பட்டோர், பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் போட்டிகளுக்குச் செல்லும் பாதை பள்ளிவழியேதான் தொடங்குகிறது. மாநில ஹாக்கிச் சங்கத்தின் வழியே சப்-ஜூனியர், ஜூனியர் தேசியப் போட்டிகளுக்குச் செல்லும் பாதை மற்றொன்று. கிளப் என்பது இவ்விரு பாதைகளிலும் நடக்கக் காலுக்குப் பலம் தரும் இடமேயன்றி அதுவே பாதையன்று. ஆகையால் எந்தக் கிளப்பிலும் நாங்கள் தவறாமல் கேட்ட கேள்வி ஒன்று: பள்ளி ஆட்டத்துக்குப் பிள்ளையை விடுவீர்களா? தென்பகுதிக் கிளப்பில், “எங்கள் போட்டி நாளில் விட இயலாது” என்றனர். எங்கள் மனத்தில் அவ்விடம் அன்றே நீங்கிவிட்டது.

மண் தரைக்குள்ள குறை வேறு. 1976 மான்ட்ரீல் ஒலிம்பிக்கில்தான் முதன்முறையாகச் செயற்கைத் தரையில் ஹாக்கி ஆடப்பட்டது. 1928 முதல் ஒரு முறைகூடப் பதக்கமின்றித் திரும்பாத நம் ஆடவர் குழு, அவ்வாண்டு ஏழாமிடம் பெற்றது. பந்து அத்தரையில் விரைந்தும் நேராகவும் வரும். கீப்பர் சறுக்கிப் படுத்துத் தடுக்கலாம். மண்ணில் படுத்தால் தோல் உரியும். பந்தும் எங்கு எகிறும் என்று சொல்ல இயலாது. தேர்வாட்டம் செயற்கைத் தரையில் நடக்குமாயின், மண்ணிலேயே பழகிய பெண் தன் திறமையில் பாதியைத்தான் காட்ட இயலும். எனவே வாரத்தில் ஒரு நாளேனும் அத்தரை வேண்டும் என்று குறித்துக்கொண்டோம்.

ஹரியாணாவுக்கு அனுப்பலாமே என்று அலுவலகத்தில் பலர் கூறினர். அறிவுரையில் பிழையில்லை. குருக்ஷேத்திரத்துக்கும் அம்பாலாவுக்கும் இடையே உள்ள ஷாஹாபாத் என்னும் சிற்றூரில், பல்தேவ் சிங் என்ற பயிற்சியாளரிடம் பயின்றவரே பின்னாளில் இந்தியக் குழுவின் தலைவியான ராணி ராம்பால். தந்தையார் வண்டி இழுத்தவர். சோனிப்பத்தில் முன்னாள் தலைவி பிரீதம் சிவாச் பயிற்சிக் கூடம் நடத்தி வருகிறார். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காமிடம் பெற்ற குழுவில் அவருடைய மாணவியரும் இருந்தனர். ஆயினும் அங்கேயே தங்கிப் பயில வேண்டும். “பதினான்கில் அனுப்பிவிட்டால் பதினேழில் திரும்பி வருகிறவள் நமக்கு விருந்தாளி” என்றார் வீட்டம்மாள். இதற்கு விடை சொல்ல எவராலும் இயலவில்லை. வேறு குடும்பத்தார்க்கு இது சரியாக அமையலாம்.

இறுதியில் நாங்கள் தேர்ந்தது யமுனைக்குக் கிழக்கே உள்ள ஒரு சிறு குழு. மாநிலச் சங்கத்தில் பதிவு பெற்றது. மொத்தம் இருபத்திரண்டு பெண்கள். பயிற்சியாளர் முன்பு ரெயில்வேக்கு ஆடிய ஓர் அம்மையார். மாலை மூன்று நாள் மண்ணில் பயிற்சி. ஞாயிறு காலை வாடகைக்கு எடுத்த செயற்கைத் தரையில். பரீட்சை மாதத்தில் வர வேண்டாம் என்று அவரே சொல்கிறார். அவர்களுடைய ஒரே கீப்பர் அவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் போகிறாள் என்பதே எங்களை ஈர்த்தது. ரெயில்வேயில் காலியிடம் என்ற சொல்லின் பொருளை அறியாதவர் யார்? கல்லூரிகளும் அப்படித்தான் பார்க்கின்றன. இருக்கும் கீப்பர் படிப்பு முடித்துச் செல்லும் ஆண்டில்தான் அவர்களுக்குப் புதிய கீப்பர் தேவை. எந்தக் கல்லூரியில் அந்நிலை எப்போது வரும் என்பதையும் அவ்வம்மையாரே விசாரித்து வைத்திருக்கிறார்.

இக்குழு அடிக்கடி தோற்கிறது. அண்மையில் ஓர் ஆட்டத்தில் ஆறு கோல்கள் வாங்கினார்கள். அலுவலகத்தில் ஒரு நண்பர், “உங்கள் பெண் வலை பின்னுகிறாளா, காக்கிறாளா?” என்று கேட்டார். ஆனால் அன்று எதிரணிக்குப் பதினொரு பெனால்ட்டி கார்னர்கள் கிடைத்தன. வெற்றிக் குழுவின் கீப்பர் ஒரு பருவம் முழுதும் காணாத பந்துகளை இவள் ஒரே காலையில் கண்டாள். தேர்வாட்டத்தில் எதிரே நிறுத்திப் பந்தடித்துப் பார்ப்பவர், உன் குழுவின் அலமாரியில் எத்தனை கோப்பை என்று கேட்கப் போவதில்லை.

நம்மவர் அனைவர்க்கும் பொதுவான ஒன்றை விட்டுவிடலாகாது, அதுதான் பெயர். நாம் தந்தை பெயரை முன்னெழுத்தாக வைக்கிறோம். இங்குள்ள பள்ளியோ அதை விரித்துக் கடைசியில் எழுதுகிறது. போட்டி நடத்துவோர் முன்னெழுத்தை அறவே விடுகின்றனர். அல்லது தந்தை பெயரையே பிள்ளையின் பெயராக அச்சிடுகின்றனர். எங்கள் மகளின் மூன்று சான்றிதழ்களில் மூன்று பெயர்கள் இருந்தன. பார்த்தால் மூன்று சகோதரிகள் ஆடியதுபோல் தோன்றும். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவு, போட்டி விண்ணப்பம் ஆகிய நான்கிலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கும்படி திருத்தி வாங்க எங்களுக்கு ஏழு மாதம் பிடித்தது. பன்னிரண்டாம் வகுப்பில் இதனைத் தொடங்கியிருப்பின் காலம் போதாது. அன்பர்கள் பிள்ளை மட்டை பிடிக்கும் முன்பே இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஒரு நோட்டுப் புத்தகமும் வைத்திருக்கிறோம். தேதி, இடம், எதிரணி, ஆடிய நிமிடம், தடுத்த பந்து, விட்ட பந்து. விட்ட பந்துகளை மகள் தானே எழுதுகிறாள்; எங்களை எழுத விடுவதில்லை.

அடுத்த மாதம் மாநில சப்-ஜூனியர் குழுவுக்கான தேர்வாட்டம். எத்தனை கீப்பர்கள் வருவார்கள் என்று தெரியாது, எடுக்கப்போவது இருவரை. கால் பேடு குழுவினுடையது, தலைக்கவசம் சென்றுபோன அக்காள் கொடுத்தது, கையுறை மட்டும் புதிது. காலை ஆறு மணிக்கு அங்கிருக்க வேண்டும். அரை நாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.