பாடும் பொறி

நெதர்லாந்து நாட்டில் உத்ரெக்ட் என்னும் பழைய நகரம் ஒன்று உண்டு. அந்நகரின் நடுவே பூர்கெர்க் என்னும் பழங்காலத் தேவாலயம் நிற்கிறது. வழிபாட்டிற்கென எழுந்த அக்கட்டடம், 1984ஆம் ஆண்டு முதல் தாமே இசைக்கும் கருவிகளின் காட்சிசாலையாக விளங்குகிறது. அங்குச் சென்றிருந்த நான், சுவரையே மறைத்து நின்ற ஒரு பொறியின் முன் வியந்து நின்றேன். வண்ணம் தீட்டிய முகப்பு, வரிசை வரிசையாகக் குழல்கள், அவற்றினிடையே முரசு. வாசிப்பவர் எவரும் இலர். பணியாளர் ஒருவர், மடித்த அட்டைத் தொகுதியொன்றை அதன் பக்கத்தில் செருகினார். மறுநொடியே, பெரிய வாத்தியக் குழுவொன்று கூடி வாசித்தாற்போல இசை எழுந்தது. நடன மண்டபங்களுக்கெனச் செய்யப்பெற்ற ஆர்கன் அது.

இவ்விசை எழும் முறை எளியது. துருத்தி காற்றை ஊட்டுகிறது. அட்டை நகரும்போது, துளை வந்த இடத்தில் சிறு நெம்புகோல் ஒன்று மேலெழுகிறது. காற்றுவழி திறந்து உரிய குழல் ஒலிக்கிறது. துளை நீண்டால் ஒலியும் நீளும். நம் நெசவாளர் அறிந்த ஜக்கார்டு தறியிலும் துளையிட்ட அட்டையே நூலுக்கு வழிகாட்டுகின்றது. பட்டிலே பூவை எழுப்பும் உத்தி, இங்கே காற்றிலே பண்ணை எழுப்புகின்றது.

தொடக்கத்தில் இத்தகைய பொறிகளில் முட்கள் பதித்த மர உருளையே இருந்தது. ஓர் உருளையில் சில பாடல்களே அடங்கும். புதுப்பாடல் வேண்டின், புது உருளையில் முட்களை ஒவ்வொன்றாகப் பதித்தல் வேண்டும். 1892இல் பாரிசு நகரத்துக் கவியோலி நிறுவனம் அட்டை முறைக்குக் காப்புரிமை பெற்றது. அதன்பின் பாடல்களுக்கு எல்லையில்லை. சந்தைத் திடல்களில் குடை இராட்டினத்தின் அருகே நின்று இவை மக்களை அழைத்தன. பெல்ஜிய நாட்டு ஆண்ட்வெர்ப் நகரிலே, மோர்ட்டியர் என்பாரின் பட்டறை நடன மண்டபங்களுக்குரிய பேரார்கன்களைச் செய்தது. நடனம் மாறுந்தோறும் பொறியும் மாறியது. ஜாஸ் இசை பரவியபோது, அக்கார்டியனும் புதிய தாளக் கருவிகளும் பொறிகளில் ஏறின. முகப்பின் கோலமும் மாறிற்று.

பின்னர் இசைத்தட்டும் ஒலிபெருக்கியும் வந்தன. சிறு பெட்டி செய்யும் வேலைக்குப் பெரும்பொறி எதற்கு? பல ஆர்கன்கள் கொட்டகைகளில் முடங்கின; பல பிரித்தழிக்கப்பட்டன. 1956இல் உத்ரெக்டில் நடந்த கண்காட்சியொன்று மக்கள் கருத்தை இவற்றின்பால் திருப்பியது. அதிலிருந்து பிறந்ததே இக்காட்சிசாலை.

"இத்துணை அரிய பொருளை நாள்தோறும் இயக்கினால் தேய்ந்துவிடாதா?" என்று பணியாளரை வினவினேன்.

"தேயும். ஆனால் பல்லாண்டு பாடாமல் கிடந்தால் துருத்தித் தோல் விறைக்கும், அடைப்பான்கள் ஒட்டிக்கொள்ளும். பிறகு இது வெறும் அலமாரி" என்றார் அவர்.

பழுதுபார்ப்போர்க்கு மற்றொரு சிக்கலும் உண்டாம். முதலில் செய்த வடிவிற்கு மீட்பதா? பின்னர்ச் சேர்த்தவற்றையும் காப்பதா? முதல் வடிவமே மெய்யானது, மற்றவை ஒட்டுவேலை என்றே நான் எண்ணியிருந்தேன். ஆயினும், சேர்த்த அக்கார்டியனைக் கழற்றினால், அதன் இசைக்கு ஆடிய ஒரு தலைமுறையின் தடமும் உடன் போய்விடுமன்றோ? ஆகவே அவர்கள் ஒவ்வொரு பொறியையும் தனித்தனியே ஆராய்ந்து முடிவு செய்கின்றனர். அட்டையில் புதுப்பாடல்களுக்குத் துளையிடும் கலையும் இன்றளவும் அழியவில்லை.

பேணுதல் என்றால் பூட்டி வைத்தல் என்றே அதுவரை பொருள் கொண்டிருந்தேன். அன்று அப்பொறி அச்சொல்லுக்கு வேறு பொருள் கற்பித்தது. விடைபெறும் வேளையில் பணியாளர் அடுத்த அட்டையைச் செருகினார். கூட்டத்திலிருந்த சிறுமி ஒருத்தி, எவரும் சொல்லாமலே ஆடத் தொடங்கினாள்.