நனைந்த தானியம் மேலே இருக்கட்டும்



வட்டிக் கடனில் வாகனம் வாங்குவதில்லை என்பது எங்கள் குடும்பத்தின் முடிவு. ஆகவே, சேமித்த தொகைக்கு எட்டிய பழைய மின்கார் ஒன்றை இரண்டாண்டுகளுக்கு முன் வாங்கினோம். எளாவூரிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்குச் சென்றுவர அது தாராளமாகப் போதும். இரவில் வீட்டின் 15 ஆம்பியர் பிளக்கில் சொருகிவிட்டால் சுபுஹுத் தொழுகைக்குள் சார்ஜ் நிறைந்துவிடும். அல்ஹம்துலில்லாஹ்.

அதன் குறை, மாமியாரைச் சென்னையில் மருத்துவரிடம் காட்டிவிட்டுத் திரும்பிய நாளில்தான் தெரிந்தது. நெடுஞ்சாலையோரச் சார்ஜிங் நிலையம் ஒன்றில் நிறுத்திக் கைப்பிடியை எடுத்தேன். காரின் துளையில் அது பொருந்தவில்லை. அடுத்த நிலையத்திலும் அதே வகைதான். கவரைப்பேட்டை அருகே பஞ்சர் கடைக்காரர் ஒருவர் தம் கடையின் பிளக்கைத் தந்து உதவினார். முன்பின் அறியாத அந்தச் சகோதரர் காசு வாங்க மறுத்துவிட்டார். மஃரிபிலிருந்து இஷாவைக் கடந்தும் அங்கேயே காத்திருந்தோம். மருந்து மயக்கத்தில் மாமியார் பின்னிருக்கையில் சாய்ந்திருந்தார்.

காரணத்தைப் பின்னர் தேடிப் படித்தேன். 2017ஆம் ஆண்டில் நம் நாட்டில் ‘பாரத் டிசி-001’ என்னும் வேகச் சார்ஜர் முறை வகுக்கப்பட்டது. சீனாவின் ஜிபி/டி வகை இணைப்பு. 15 கிலோவாட் திறன். 72 வோல்ட் அளவிலான பேட்டரிகளுக்கு உரியது. அதே ஆண்டில் அரசுத் துறைகளுக்காக 10,000 மின்கார்கள் வாங்க மத்திய அரசு சார்ந்த இ.இ.எஸ்.எல். நிறுவனம் டெண்டர் கோரியது. அடுத்து வந்த கார்களோ முந்நூறு வோல்ட்டையும் தாண்டிய பேட்டரிகளோடு, ஐரோப்பாவின் சிசிஎஸ்-2 இணைப்பை ஏற்றுக்கொண்டன. நிலையங்களும் அதன்பின் சென்றன. இடையில் ஓர் அடாப்டரை வைத்துச் சமாளிக்கவும் வழியில்லை: வோல்ட் அளவு வேறு, காரும் சார்ஜரும் பேசிக்கொள்ளும் முறையும் வேறு. ஜப்பானின் சாடெமோ இணைப்புக்கும் ஐரோப்பாவில் இதே நிலைதான் நேர்ந்தது.

எனக்கு விற்றவர் இதைக் குறித்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த மனக்குறை எனக்கு நீண்ட நாள் இருந்தது.

சென்ற மாதம் காரை விற்க முன்வந்தேன். பார்க்க வந்த இளைஞர் வாரந்தோறும் நெல்லூர் சென்றுவருபவர். காரை ஓட்டிப் பார்த்து, நான் கேட்ட விலைக்கே சம்மதித்தார். சார்ஜ் பற்றி அவர் கேட்ட ஒரே கேள்வி, “வீட்டுப் பிளக்கில் ஏறுமா, பாய்?” என்பதே. “ஏறும்” என்றேன். அது உண்மைதான். அத்துடன் நிறுத்திக்கொள்ளலாம் என்று மனம் ஆசைகாட்டியது.

அப்போது அந்தத் தானியக் குவியல் நினைவுக்கு வந்தது. சந்தையில் ஒரு குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்ததாக வியாபாரி கூறினார். மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள் என ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அந்த வியாபாரி பொய் உரைத்ததாக அதில் இல்லை. ஈரத்தை அடியில் வைத்திருந்தார், அவ்வளவே. நானும் அதைத்தான் செய்யவிருந்தேன்.

அவரிடம் யாவற்றையும் சொன்னேன். சிறிது நேரம் மௌனமாக நின்றார். பிறகு, “நல்லவேளை சொன்னீங்க பாய்” என்று கைகுலுக்கிவிட்டுச் சென்றார்.

பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு அந்தப் பணத்தையே நம்பியிருந்தோம். வீட்டில் சொன்னதும் மனைவி பெருமூச்செறிந்தார். “அன்னைக்கு அம்மா பின்சீட்டில் கிடந்த மாதிரி இன்னொருத்தர் அம்மா கிடக்க வேணாம்” என்றார். கட்டணத்துக்குத் தம் வளையல் இரண்டைக் கழற்றித் தந்தார்.

கார் இன்னும் வாசலில்தான் நிற்கிறது. விலையைக் குறைத்துப் புதிய விளம்பரம் எழுதியுள்ளேன். அதன் முதல் வரி: ‘நெடுஞ்சாலை வேகச் சார்ஜர் இதற்குப் பொருந்தாது, உள்ளூர் ஓட்டத்துக்கு மட்டும்.’ நம் கொடுக்கல் வாங்கல்களில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.