கடைசிச் சுற்று எது?

புனித பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலின் ஒன்பதாம் அதிகாரத்தில் தம்மை ஓட்டக்காரருக்கும் குத்துச்சண்டை வீரருக்கும் ஒப்பிடுகிறார். கொரிந்து நகருக்கருகே இஸ்துமிய விளையாட்டுகள் நடைபெற்றதை அறிந்தோர்க்கு இவ்வுவமை வியப்பளிக்காது. ஓட்டக்காரனுக்கு எல்லைக்கோடு உண்டு. அதைக் கடந்ததும் அவன் நின்றுவிடலாம். குத்துச்சண்டை வீரனுக்கோ ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மணி ஒலிக்கிறது. ஆனால் தன் வாழ்வின் கடைசிப் போட்டி எதுவென அறிவிக்கும் மணி எந்த அரங்கிலும் இல்லை.

குரு ஒருவர் குத்துச்சண்டையைப் பற்றி எழுதுவதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். மனிதனை மனிதன் தலையில் அடித்து வீழ்த்துவதை விளையாட்டு என்றழைக்க எனக்கும் மனத்தடை உண்டு. ஆயினும், நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்த இயலாத மனித உள்ளத்தை இத்துணை வெளிப்படையாகக் காட்டும் களம் வேறொன்றை நான் அறியேன்.

அமெரிக்க வீரர் ஜோ லூயிஸ் 1937 முதல் 1949 வரை உலகப் பட்டத்தைத் தம்மிடமே வைத்திருந்தார். 25 முறை அதைக் காத்தார். போர்க்காலத்தில், 1942-இல், இரு போட்டிகளில் கிடைத்த பணத்தைக் கடற்படை, தரைப்படை நிவாரண நிதிகளுக்கு வழங்கியவர் அவர். ஓய்வு பெற்றவரை வரிக்கடன் மீண்டும் களத்துக்குத் தள்ளியது. 1951 அக்டோபரில் நியூயார்க் நகரில், 37 வயதில், ராக்கி மார்சியானோ என்னும் இளைஞரிடம் எட்டாம் சுற்றில் அடிபட்டுக் கயிறுகளுக்கு வெளியே விழுந்தார். வென்ற மார்சியானோ லூயிஸைப் போற்றி வளர்ந்தவர். உடைமாற்றும் அறையில் அழுதார். அவரே 1956-இல், 49 போட்டிகளிலும் தோல்வி காணாதவராய், 32 வயதில் விலகிக்கொண்டார். அந்த இரவை அவர் மறக்கவில்லை போலும்.

முகமது அலியின் கதை இதைவிடக் கசப்பானது. அவரை விலகச் சொன்னவர்கள் இல்லாமலில்லை. 1977-இல் எர்னி ஷேவர்ஸுடன் நடந்த போட்டிக்குப் பின், அலியின் சிறுநீரகங்கள் பழுதுபடுவதைக் காட்டிய ஆய்வறிக்கையை மருத்துவர் ஃபெர்டி பாச்செகோ அவருக்கும், அவர் மனைவிக்கும், மேலாளருக்கும் அனுப்பினார். எவரிடமிருந்தும் பதில் இல்லை. மருத்துவர் விலகினார், வீரர் விலகவில்லை.

1980 அக்டோபர் 2 அன்று லாஸ் வேகாஸில், முன்பு தமக்குப் பயிற்சித் துணைவராயிருந்த லாரி ஹோம்ஸை எதிர்த்து அலி மேடையேறினார். வயது 38. அதற்குச் சில மாதங்களுக்கு முன் நடந்த மருத்துவப் பரிசோதனையில் ஒற்றைக் காலில் தாவுவதிலும், விரலால் மூக்கைத் தொடுவதிலும் சிறு தடுமாற்றம் தென்பட்டிருந்தது. எனினும் அனுமதி கிடைத்தது. நரைத்த தலைமுடிக்குக் கருமை பூசியிருந்தார். எடையைக் குறைக்கத் தைராய்டு மாத்திரை உண்டிருந்தார். கண்ணுக்கு 1974-இன் அலியே திரும்பி வந்ததுபோல் இருந்தது. மணி ஒலித்த பிறகுதான், கைகளில் வலுவும் கால்களில் விரைவும் இல்லையென்பது தெரிந்தது. ஹோம்ஸ் அடித்துக்கொண்டே, போட்டியை நிறுத்துமாறு நடுவரைக் கண்ணால் கெஞ்சினார்.

பத்தாம் சுற்று முடிந்தபோது அலியின் மூலையில் நடந்ததே என்னை அதிகம் சிந்திக்க வைத்தது. பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ, போதும் என்றார். உதவியாளர் பண்டினி பிரவுனோ அவர் சட்டையைப் பற்றிக்கொண்டு, இன்னும் ஒரு சுற்று தருமாறு மன்றாடினார். பண்டினியை யாரும் பகைவரென்று சொல்ல முடியாது. அலியை உயிராய் நேசித்தவர் அவர். இருவரும் அன்பினாலேயே பேசினார்கள். ஆயினும் டண்டீ தம் அதிகாரத்தைச் சொல்லிப் போட்டியை முடித்துவைத்தார்.

நான் உதவிப் பங்குத்தந்தையாய் இருந்த காலத்தில், நாவன்மைக்குப் பேர்பெற்ற முதிய குரு ஒருவரோடு வாழ்ந்தேன். பிற்காலத்தில் மறையுரையின் நடுவே தொடக்கத்துக்கே திரும்பிவிடுவார். ஒரே உவமை மும்முறை வரும். திருவிழாக்குழுவினரோ, "சாமி பேசினால்தான் திருவிழா களைகட்டும்" என்று ஆண்டுதோறும் அவரையே அழைத்தனர். (கூட்டத்தின் பின்வரிசையில் சிரிப்பொலி எழும், அழைத்தவர்கள் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள்.) இறுதியில் எங்கள் உபதேசியார்தான் ஒரு மாலையில் அவரருகே தரையில் அமர்ந்து, "சாமி, பேசினது போதும். இனிமே நீங்க உக்காந்து பாவசங்கீர்த்தனம் மட்டும் கேளுங்க. சனம் உங்ககிட்டதான் வரும்" என்றார். இரண்டு நாள் அவரோடு குரு பேசவில்லை. மூன்றாம் நாள் நாற்காலியை ஒப்புரவுத் தொட்டி அருகே போடச் சொன்னார். அப்பங்கில் இன்று அவரை நினைவுகூர்வோரில் பெரும்பாலோர் அவர் மறையுரையைச் சொல்வதில்லை. அந்த நாற்காலியைத்தான் சொல்கிறார்கள்.

அலிக்கு அத்தோல்வியும் போதவில்லை. 1981 டிசம்பரில் பஹாமாஸ் தீவுகளில் டிரெவர் பெர்பிக்கிடம் தோற்றார். முறையான மணிகூட இல்லாமல், மாட்டு மணியை அடித்துச் சுற்றுகளைத் தொடங்கினார்கள். 61 போட்டிகளில் 5 தோல்விகள். அவற்றில் மூன்று, 1978 முதல் வந்தவை. ஏடுகளில் அவை அப்படியே நிற்கின்றன. ஆனால் மாந்தர் நினைவு ஏட்டைப் போல் கணக்கெழுதுவதில்லை. அலியின் புகழ் அந்த இரவில் தேயவில்லை. தேய்ந்தது ஹோம்ஸின் புகழே. ஏழாண்டுகளுக்கு மேல் பட்டம் வைத்திருந்தும், மக்கள் அன்பை அவர் முழுமையாகப் பெறவில்லை. அவரும் 1988 சனவரியில், அதே 38 வயதில், மைக் டைசனிடம் நான்காம் சுற்றில் வீழ்ந்தார். மற்றவர் தோல்வியிலிருந்து தமக்குப் பாடம் கற்போர் அரியர்.

முதுமையில் களமிறங்குவது எப்போதும் மடமைதானா? ஜார்ஜ் ஃபோர்மன் பத்தாண்டுகள் மறைபோதகராய் இருந்துவிட்டு, இளைஞர் மையம் ஒன்றை நடத்தப் பணம் வேண்டி 1987-இல் திரும்பினார். 1994-இல் 45 வயதில் உலகப் பட்டம் வென்றார். ஆகவே வயதை மட்டும் வைத்துத் தீர்ப்பிட நான் துணியேன். ஃபோர்மன் தம் பருத்த உடலையும் வயதையும் மறைக்காமல், அவற்றைச் சொல்லித் தாமே நகைத்தார் என்பதையும் இங்கே கருத வேண்டும்.

நம் திருச்சபையும் இரு வழிகளையும் கண்டிருக்கிறது. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2013-இல், தம் வலிமை குன்றியதை இலத்தீன் மொழியில் அறிவித்து விலகினார். அவருக்கு முன்னிருந்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலோ, அலிக்கு வந்த அதே பார்க்கின்சன் நோயோடு இறுதிவரை பணியில் நீடித்தார். 2005 உயிர்ப்புப் பெருவிழாவன்று சாளரத்தில் நின்று பேச முயன்று, குரல் எழாமல், கையால் மட்டும் ஆசி வழங்கினார். ஒருவர் சரி, மற்றவர் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருவருமே தம் பலவீனத்துக்குக் கருமை பூசவில்லை.

1984-இல் அலியின் நோய் கண்டறியப்பட்டது. வாங்கிய அடிகளே அதற்குக் காரணமா என்பதில் மருத்துவர்கள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. 1996 சூலையில் அட்லாண்டா ஒலிம்பிக் தொடக்க விழாவைக் குருமடத்துப் பொது அறைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தோம். நீச்சல் வீராங்கனை ஜேனட் எவன்ஸ் தீப்பந்தத்தோடு ஏறிச்செல்ல, வெண்ணிற உடையில் அலி வெளிப்பட்டார். முகம் அசைவற்றிருந்தது, இடக்கை நிற்காமல் நடுங்கியது. உலகமே பார்க்கிறதென்று தெரிந்தும் அந்தக் கையை அவர் மறைக்கவில்லை. அறையில் சலசலப்பு அடங்கியது. விவிலியப் பேராசிரியராய் இருந்த முதிய குரு ஒருவர் மட்டும், தீ பற்றிக்கொள்ளும்வரை, தம் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றார்.